அழகுக்கு மட்டும் திறந்த கதவு

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால், தான் படைத்த உயிரைக் கைவிட்ட தகப்பன் என்று விக்டரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். திட்டு நியாயமானதுதான். ஆனால், அவன் பாசத்துக்கு ஏங்கி வளர்ந்தவன் அல்ல. ஜெனீவாவில் அவனுடைய வீடு, ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த வீடு. என்னைக் கேட்டால், கோளாறு அந்தப் பாசத்திலேயே இருக்கிறது.

1818இல் வந்த முதல் பதிப்பில் எலிசபெத், விக்டரின் அத்தை மகள். 1831இல் ஷெல்லி திருத்திய பதிப்பிலோ, இத்தாலியின் கோமோ ஏரிப் பக்கம் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் வளரும் குழந்தை. விக்டரின் தாய் கரோலின் அந்த வீட்டுக்குள் நுழையும்போது, இருக்கிற கொஞ்சம் உணவை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேர் கருவிழிகள் கொண்ட முரட்டுப் பிள்ளைகள். ஒருத்தி மட்டும் வெளுத்த நிறம், பொன்னிறக் கூந்தல். கரோலின் அழைத்துப்போவது அவளைத்தான். மகனிடம் அவளை ஓர் அழகான பரிசு என்கிறாள். அவள் மிலான் பிரபு ஒருவரின் மகள் என்று ஒரு பின்கதையும் உண்டு, குலத்திலும் குறை வந்துவிடக் கூடாதே! மற்ற நான்கு பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

தாயின் கருணையே நிறம் பார்த்துப் பொறுக்குகிறது. மஞ்சள் தோலோடு கண் திறந்த உயிரைக் கண்டு மகன் ஓடியதில் வியப்பென்ன?

விக்டர் கைவிட்ட அந்த உயிர் அடைக்கலம் தேடிப் போகும் டி லேசி குடும்பமும் நல்ல குடும்பம்தான். துருக்கி வணிகர் ஒருவரைச் சிறையிலிருந்து தப்பவைத்ததற்காகச் சொத்தை இழந்தவர்கள். அவருடைய மகள் சாஃபி தேடி வந்தபோது அரவணைத்துக்கொண்டவர்கள். பார்வையற்ற பெரியவர் தனியே இருக்கும் நேரம் பார்த்து அந்த உயிர் உள்ளே போகிறது. அவர் இதமாகப் பேசுகிறார். திரும்பி வந்த மகன் ஃபெலிக்ஸ் தடியால் அடித்து நொறுக்குகிறான். அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அடிக்கிறான். விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமோ, அந்த உயிரிடம் பிடிபட்டதும் அப்பாவின் பதவியையும் பெயரையும் சொல்லி மிரட்டுகிறான். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் அதன் கை அவன் கழுத்துக்குப் போகிறது.

வீட்டுக் கதவு எப்போது அடைபடும் என்பது ஷெல்லிக்குத் தெரியும். தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1797இல் இவரைப் பெற்ற சில நாட்களில் இறந்தார். திருமண முறையையே கண்டித்து எழுதிய தகப்பன் வில்லியம் காட்வின், மகள் 1814இல் ஏற்கெனவே மணமான கவிஞர் பெர்சி ஷெல்லியோடு போனதும் முகம்கொடுத்துப் பேசவில்லை. 1816 டிசம்பரில் கல்யாணம் நடந்த பிறகே சமாதானம். நாவலின் முதல் பதிப்பு அந்தத் தகப்பனுக்குத்தான் சமர்ப்பணம்.

தம்பி, மனைவியான எலிசபெத், தகப்பன் என ஒவ்வொருவராகப் போன பின், விக்டர் கல்லறையில் பழிவாங்கச் சபதம் செய்துவிட்டு அந்த உயிரை வடதுருவத்தை நோக்கித் துரத்திக்கொண்டு போகிறான். குடும்பத்துக்காக என்றுதான் சொல்லிக்கொள்கிறான். மிஞ்சிய ஒரே தம்பி எர்னஸ்ட் உயிரோடு இருக்கிறான். அவனைப் பற்றி விக்டர் அதன்பின் வாயே திறப்பதில்லை.