தாங்கும் தையல், காட்டும் தையல்

ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரிடம் புது ஷூ ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். காலில் போடுவதற்கு முன் அதைப் புரட்டி, அடியும் மேல்தோலும் சேரும் ஓரத்தை நகத்தால் தடவுவார். அந்த ஓரத்தைச் சுற்றி ஓடும் தையல் அடியைப் பிடித்திருக்கிறதா, இல்லை பசை பிடித்திருக்க, தையல் வெறுமனே அச்சில் வார்த்ததா என்று அவருக்கு நொடியில் தெரிந்துவிடும். தாங்கும் தையல் ஒன்று, காட்டும் தையல் ஒன்று. தோல் பதனிடும் ஷாப்பையும் ஷூ கம்பெனியையும் நம்பிப் பிழைக்கும் ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இந்த வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. கையோடு வந்துவிடுகிறது.

கைப்பேசித் திரை எப்படி இருக்க வேண்டும் என்று பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு நடக்கிறது. பொருள்களைப் போலவே வரைவதா, எல்லாவற்றையும் தட்டையாக்குவதா என்பது அந்த வழக்கு. இந்தக் கைகளின் சாட்சியத்தை அதில் யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அது தோலில்தான் சூடுபிடித்தது. 2011-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினி நாட்காட்டிக்குத் தோல் போர்த்தியது. பழுப்புத் தோல், ஓரத்தில் நூல் தையல், அதன் கீழே தாள் கிழிந்த பிசிறு. அதே ஆண்டு வந்த, நண்பர்களின் இருப்பிடம் காட்டும் செயலியும் தைத்த தோலாகவே இருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் விமானத்து இருக்கையைப் பார்த்து வரைந்த தோல் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். குறிப்பேடு மஞ்சள் தாளாக இருந்தது. புத்தகச் செயலி மர அலமாரியாக இருந்தது. விளையாட்டுச் செயலியில் சீட்டாட்ட மேசையின் பச்சைத் துணி விரிந்திருந்தது. இந்தப் பாணிக்கு அங்கே காவலாக நின்றவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால். 2012 அக்டோபரில் அவர் விலகுவதாக அறிவிப்பு வந்தது. திரையின் தோற்றம் வடிவமைப்பாளர் ஜோனி ஐவ் பொறுப்பில் சேர்ந்தது. ஆப்பிளின் 2013 ஜூன் மாநாட்டில் தோல் உரிந்தது. புதிய நாட்காட்டியை மேடையில் காட்டிய ஆப்பிள் அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி, இதைச் செய்வதற்காகக் கணினிக்குள் ஒரு மாடுகூடத் துன்புறவில்லை என்று வேடிக்கையாகச் சொன்னார். அவ்வளவு தையலும் போன பிறகும் எல்லாம் அதனதன் இடத்திலேயே நிற்கிறது, பாருங்கள் என்றும் சொன்னார்.

ஆம்பூரில் நின்று இதைச் சொல்லியிருந்தால், எந்தத் தையலைச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

நாட்காட்டியின் தோல் தையல் எதையும் தாங்கவில்லை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ரெக்சினில் தோலின் வரியைப் பதிப்பது இந்த வட்டாரத்துக்குத் தெரிந்த வேலைதான். மேல்வரி கெட்ட நல்ல தோலையே தேய்த்து, புது வரியைத் தகட்டால் அழுத்திப் பதிப்பதும் உண்டு. பதித்த வரி கண்ணை நம்பவைக்கும். தோலின் குணத்தை அறிய வேண்டுமானால் அதை மடக்கிக் கட்டைவிரலால் அழுத்தி, எழும் சுருக்கத்தைப் பார்க்க வேண்டும். தவிர, ஆப்பிள் வரைந்த போலிகள் எல்லாம் அமெரிக்க அலுவலகத்து மேசையிலிருந்தும் வீட்டுக் கூடத்திலிருந்தும் எடுத்தவை. பேரணாம்பட்டில் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பெண்ணுக்கு அந்த மஞ்சள் தாளும் பச்சைத் துணியும் எதையும் நினைவூட்டப் போவதில்லை.

தவறு அடுத்த அடியில் நடந்தது. காட்டும் தையலைப் பிரித்த கத்தி, தாங்கும் தையலையும் சேர்த்துப் பிரித்துவிட்டது. 2013 செப்டம்பர் 18 அன்று வெளியான, ஆப்பிளின் கைப்பேசி மென்பொருளான ஐஓஎஸ் 7-இல் பல பொத்தான்களுக்கு விளிம்பு இல்லை, மேடு இல்லை, நிழலும் இல்லை. நிறம் மாறிய ஒரு சொல் இருக்கும், அதுவே பொத்தான். தோலோடும் மரத்தோடும் சேர்த்து மேட்டையும் நிழலையும் அலங்காரக் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவை செய்துவந்த வேலையோ ‘இங்கே அழுத்து’ என்று விரலுக்குச் சொல்வது. 1988-இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி நூல் எழுதிய டான் நார்மன், அதே 2013-இல் வந்த அதன் திருத்திய பதிப்பில் இத்தகைய அடையாளத்துக்கு ‘சிக்னிஃபயர்’ என்ற சொல்லை அழுத்தமாக முன்வைத்தார். கதவில் பிடி இருந்தால் இழுப்போம், தகடு இருந்தால் தள்ளுவோம். பிடியும் தகடும் அந்தக் கதவின் தாங்கும் தையல்.

ஆறு மாதத்தில், 2014 மார்ச்சில், பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் ஒரு வசதியை ஆப்பிள் சேர்த்தது. ஆனால் அதை அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் வைத்தது. எது பொத்தான் என்று தெரியாமல் திணறுகிறவரே பல திரைகளைத் தாண்டிப்போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதில் நியாயம் இல்லை. பிறகு 2017-இல் நீல்சன் நார்மன் என்னும் ஆய்வுக் குழுமம், 71 பேரின் கண்ணசைவைப் பதிவுசெய்து இணையப் பக்கங்களைச் சோதித்தது. ஒரே பக்கத்துக்கு இரு வடிவங்கள்: ஒன்றில் அழுத்தும் இடம் துலங்கும், மற்றதில் மங்கும். மங்கிய பக்கத்தில் தேடியதைக் கண்டுகொள்ள 22 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது.

தட்டைப் பாணிக்கும் நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். வரைந்த தோலும் மரமும் கோப்பின் எடையைக் கூட்டும். ஒவ்வொரு அளவுத் திரைக்கும் தனியாகச் செய்யவேண்டி வரும். தட்டையான நிறமும் எழுத்தும் எந்த அளவுக்கும் நீளும், மலிவான கைப்பேசியிலும் சட்டென்று திறக்கும். 2010-இலேயே மைக்ரோசாஃப்ட் தன் கைப்பேசித் திரையைப் பொதுப் போக்குவரத்து அறிவிப்புப் பலகைகளின் மொழியில் அமைத்தது. அது அழகாகவே இருந்தது. 2014-இல் கூகுள் கொண்டுவந்த மெட்டீரியல் பாணி, திரையைத் தாளாகக் கருதி, தாளுக்கு நிழல் கொடுத்தது. நிழலின் பயனை அவர்கள் மறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தட்டைப் பாணியின் பெரிய வாதம் வேறு. மக்கள் தொடுதிரைக்குப் பழகிவிட்டார்கள், இனித் துணை எதற்கு என்றார்கள். ஐபோன் வந்தது 2007-இல். ஆறு ஆண்டு பழகிய நாடுகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். நம் ஊருக்குப் பொருந்தாது. ஜியோ சேவை தொடங்கியது 2016 செப்டம்பர் 5 அன்று. இரண்டு மாதம் கழித்து நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். கூலிக்காரக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கைக்கு ஸ்மார்ட்போன் வந்ததும், பணம் அதற்குள் போனதும் அதன் பிறகுதான். குழந்தை நடக்கப் பழகியதும் நடைவண்டியை எடுத்துவைப்பது எந்த வீட்டிலும் வழக்கம். இங்கே குழந்தை பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே நடைவண்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்கள்.

ஆம்பூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். பதினெட்டு ஆண்டுகளாக அப்பர் தைக்கிறார். ஓரத்திலிருந்து இம்மி பிசகாமல் தையல் ஓடும். அளவுகோல் வைத்து வரைந்த கோடு போல இருக்கும். ஒருநாள் தன் கணக்கைப் பார்க்கும் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

“எல்லாம் எழுத்தாதான் இருக்குது தம்பி. இதுல எது படிக்கிறது, எது அமுக்கறது?”

என்னாலும் உடனே சொல்ல முடியவில்லை. மேலிருந்து மூன்றாவது வரியைத் தொட்டால் கணக்கு வரும் என்று அதுவரை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். புதுப்பித்தபோது அந்த வரி இடம் மாறிவிட்டது. அரைநாள் விடுப்புப் போட்டு, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக் கணக்கைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். தனக்குப் படிப்பு போதவில்லை என்று அவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. தோலின் வரியை விரலால் வாசிக்கிறவர் அவர். விரல் வாசிப்பதற்கு அந்தத் திரையில் எதையும் எழுதிவைக்கவில்லை என்பதே உண்மை.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். ஆங்கிலத் திரையில் விளிம்பை எடுத்த பிறகும் ஒரு துணை மிஞ்சியிருந்தது. 2014-இல் வந்த மெட்டீரியல் பாணியில், விளிம்பில்லாத பொத்தான் சொற்களை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினார்கள்; மற்ற வரிகளிலிருந்து அவை தனித்துத் தெரிந்தன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஆகவே மொழிமாற்றும்போது சொல் வந்தது, சொல்லைப் பொத்தானாகக் காட்டிய அடையாளம் வரவில்லை. நம் சொற்கள் நீளம் வேறு. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு வெட்டிய இடத்தில் தமிழ்ச் சொல் அடங்காமல் பாதியில் நின்று மூன்று புள்ளியாக முடிகிறது. ‘அனுப்ப’ என்று நிற்பது ‘அனுப்பவும்’ என்பதன் தலையா, ‘அனுப்பப்பட்டது’ என்பதன் தலையா? முன்னது செய்யச் சொல்வது, பின்னது செய்து முடிந்தது. பணம் தொடர்பான திரையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாரச் செலவு நிற்கிறது.

பணம் என்றதும் யுபிஐ மோசடி நினைவுக்கு வருகிறது. பழைய பொருளை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு அழைப்பு வரும். முன்பணம் அனுப்புகிறேன் என்பார்கள். வருவதோ பணம் கேட்கும் கோரிக்கை. வரவேண்டிய பணத்துக்குத்தான் என்று நம்பி இவர் தன் ரகசிய ‘பின்’ எண்ணைப் போடுவார்; பணம் இவர் கணக்கிலிருந்து போய்விடும். பணம் பெறுவதற்கு ‘பின்’ எண் தேவையில்லை என்று வங்கிகள் திரும்பத் திரும்ப எச்சரித்தன. கடைசியில், ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் இந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ உத்தரவிட்டது. ஏமாற்றியவன் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் ஒரே வெள்ளைத் தளத்தில் ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் வந்து நின்றது அவனுக்கு வசதியாக இருந்தது. கையில் நோட்டு இருந்த காலத்தில் கொடுப்பதையும் வாங்குவதையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. கொடுக்கும் கை கீழே கவியும், வாங்கும் கை மேலே மலரும்.

கடைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இன்று வேலூர் காய்கறி அங்காடியிலும் வாணியம்பாடிப் பூக்கடையிலும், பணம் வந்ததைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. வாங்க வந்தவர் நீட்டிக் காட்டும் பச்சை டிக் குறியை நம்ப அவர்களால் முடியவில்லை. நம்பிய சிலர் போலிப் படத்தைப் பார்த்து ஏமாந்தும் இருக்கிறார்கள். திரை தராத உறுதியை, கையால் தொடக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒரு பொருளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் பரவிய மிக நல்ல வடிவமைப்புகளில் ஒன்றாக நான் அதை மதிக்கிறேன்.

திரை பற்றிய இந்த விவாதத்தை ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமிலவீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள் கேமரா முன் கண் சிமிட்ட முடியாமல், வங்கியின் அடையாளச் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதிலிருந்து எழுந்த பிரக்யா பிரசூன் வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. தீர்ப்பு ஊர்ப்புறத்தாரையும் முதியோரையும் நினைவில் கொண்டிருந்தது. உரிமை என்றான பிறகு, ‘பழகினால் சரியாகிவிடும்’ என்பது பதில் ஆகாது.

உலகம் இதற்குள் அடுத்த போலிக்குப் போய்விட்டது. 2025-இல் ஆப்பிள் தன் திரைக்குக் கண்ணாடி பூசியது. ‘லிக்விட் கிளாஸ்’ என்று பெயர். ஒளி வளையும், பின்னால் உள்ளது கசியும். எழுத்து படிக்க முடியவில்லை என்று குரல் எழுந்த பிறகு, கண்ணாடியின் அடர்த்தியைக் கூட்டிக்கொள்ள ஒரு வசதியைத் தந்தார்கள். தோலுக்குப் பதில் கண்ணாடி. காட்டும் தையல் திரும்பி வந்திருக்கிறது. தாங்கும் தையலை இன்னும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கூலிக்காரர்களின் பணத்தையும் ஆவணத்தையும் தொடும் செயலிகளிடம், அவை அரசினுடையவையோ வங்கியினுடையவையோ, கேட்க வேண்டியது அதிகமில்லை. அழுத்தும் இடத்துக்கு நிறம் நிறைந்த கட்டமும் விளிம்பும் வேண்டும். ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். ஆண்ட்ராய்டின் சொந்த வழிகாட்டலே அதைத்தான் சொல்கிறது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். அதுவும் உலக இணைய அணுகல் விதிகளில் உள்ளதே. கட்டத்துக்குள் முழுத் தமிழ்ச் சொல், அறுபடாமல். பணம் போகும் திரைக்கும் வரும் திரைக்கும் ஒரே முகம் கூடாது. ஒருமுறை வைத்த பொத்தானைக் காரணமில்லாமல் நகர்த்தக் கூடாது.

ஒரு புது ஷூ ஆயிரக்கணக்கில் தைக்கப்படுவதற்கு முன், மாதிரி ஜோடியை ஒருவர் காலில் மாட்டி நடக்கவைத்துப் பார்ப்பார்கள். விரல் எங்கே இடிக்கிறது, குதிகால் எங்கே உரசுகிறது என்று நடந்தவர்தான் சொல்ல வேண்டும். வரைந்தவர் சொல்வது செல்லாது. செயலி செய்கிறவர்களும் ஒரு மாலை, வேலை விடும் நேரத்தில், ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு வரட்டும். பசை காயாத விரலோடு பஸ்ஸுக்கு நிற்கிற பத்துப் பேரிடம் கைப்பேசியைக் கொடுக்கட்டும். ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். விரல் எந்த இடத்தில் அந்தரத்தில் நின்றது என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். அந்த அக்காவை நான் அழைத்து வருகிறேன்.