படகுக்குப் பொருந்தாத கையேடு

நீரிழிவு உள்ளவர்களுக்கு நாங்கள் வழக்கமாகத் தருவது ஒரு கையேடும் ஒரு தட்டுப் படமும். தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி மீன் அல்லது பருப்பு, எஞ்சிய கால் பகுதி சோறு. வீட்டில் உண்பவருக்கு அது நல்ல கருவியே. ஆனால் கோட்டைப்பட்டினத்திலிருந்து விசைப்படகில் செல்பவர், 'நேரந்தவறாமல் உண்ணுங்கள்' என்னும் அறிவுரையை நடுக்கடலில் எவ்வாறு கடைப்பிடிப்பார்? வலை இழுக்கும் நேரத்தை அந்தக் கையேடு அறியாது. எழுதிய எங்களுக்கும் அது தோன்றவில்லை.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டபின் உணவு தாமதமாகி, உழைப்பும் கூடினால், இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் ஆகியவற்றை வெயிலின் களைப்பென்று எண்ணிவிடுவது எளிது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் குடிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது; கரைக்கு விரைவதே வழி. தள்ளாடுபவரால் இதைத் தாமே செய்துகொள்ள இயலாது. எனவே உடன் செல்வோரும் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

ரமலான் நோன்பு நோற்போர் சில வாரங்களுக்கு முன்னரே எங்களிடம் வந்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்துதல் தீங்கு.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அது சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரையா என்று வாங்கும்போதே கேட்டறியுங்கள்.

கையேட்டுக்கு முன், எப்போது புறப்படுகிறீர்கள், படகில் எத்தனை வேளை உண்கிறீர்கள், சமைப்பவர் யார் என்று நாங்கள் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அடுத்தமுறை வரும்போது சமைப்பவரையும், இயன்றால் உடன் கடலுக்குச் செல்லும் ஒருவரையும் அழைத்து வாருங்கள்.