பொறுத்திரு என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

"எங்க அப்பத்தா காலையில களையெடுத்தா, மத்தியானம் வரப்புலயே புள்ளையப் பெத்தா, சாயங்காலம் திரும்பவும் களையெடுத்தா." இந்தப் பெருமையை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். போன வாரம்கூடத் தோழர் ஒருவர் முகநூலில் எழுத, ஆளாளுக்கு இதயம் விட்டிருந்தார்கள். அந்த அப்பத்தாவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் அப்பத்தாவுக்கு அடி தள்ளியிருந்தது. பழைய சேலைத் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்துக்கொண்டே கடைசிவரை வேலைக்குப் போனாள். வீட்டு ஆண்கள் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

கருப்பை, மூத்திரப்பை, மலக்குடல் இவற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்து, உறுப்பு பிறப்புவழியில் கீழே இறங்குவதுதான் அடி தள்ளுதல். பிரசவம்தான் முதல் காரணம். அதன்பின் பாரம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, தீராத இருமல் எல்லாம் சேர்ந்து அதை மேலும் இறக்குகின்றன.

எனக்கும் வந்தது. அதே ஆண்டு பிள்ளை பெற்ற என் மதினிக்கும் வந்தது. இருவருக்கும் ஆரம்ப நிலைதான். இருவருக்கும் ஒரே அறிவுரை சொன்னார்கள்: குத்தவைத்து உட்காராதே, குடம் தூக்காதே, இடுப்புக்குத் தலையணை வைத்துப் படு, மூத்திரத்தை அடக்குவதுபோல் தசையை இறுக்கிப் பத்து எண்ணி விடு, தினமும் மூன்று வேளை செய், மாதக்கணக்கில் பொறுத்திரு.

இந்த அறிவுரையில் பிழை இல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 447 பெண்களிடம் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. முறையாகச் சொல்லிக்கொடுத்த இடுப்புத்தளப் பயிற்சி தொந்தரவைக் குறைக்கிறது என்று அது காட்டியது. முழுதாக வெளியே வந்த கருப்பையை அது ஏற்றிவிடாது. ஆரம்ப நிலையில் கைகொடுக்கும். எனக்குக் கொடுத்தது. ஏனென்றால் ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. நான் படுத்தேன், பொறுத்தேன், தேறினேன்.

மதினி வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் குழாய் உருட்டுகிறாள். குரோஸ் கணக்கில் கூலி. எத்தனை உருட்டுகிறாளோ அத்தனைக்குத்தான் காசு. "தரையில உக்காராம எப்படித் தாயி உருட்ட? எந்திரிச்சா கூலி போச்சு" என்றாள். அறிவுரைக்கு அவளிடமிருந்த பதில் அவ்வளவுதான். நாற்பது நாள் முடியும் முன்பே கம்பெனி வண்டியில் ஏறிவிட்டாள். வீடு திரும்பினால் தெருக்குழாயில் குடம்.

பிரசவம் முடிந்து ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் 26 வாரச் சம்பளம் உண்டு. ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டுமே பெயர் உள்ளவளுக்கு எந்தச் சட்டம்? தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதச் சம்பளத்துடன் விடுப்பு. அது நியாயம், எவரும் குறைக்கக் கூடாது. ஆனால் மதினிக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்தான். அதிலும் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும், மிச்சம் தவணையில் வரும்.

நாற்பது நாள் தீட்டு என்று பெண்ணை மூலையில் ஒதுக்குவதைக் கொடுமை என்று எழுதினோம், சரிதான். தீட்டின் பேரில்கூட நாற்பது நாள் படுக்கை வாய்க்காத சேரிப் பெண்ணைப் பற்றி என்ன எழுதினோம்?

மதினி வலியைச் சொன்னபோது மருத்துவமனையில் ஓர் அம்மா சிரித்தபடி சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு உடம்பு கெட்டி, ஒன்னும் ஆகாது." என்ன ஆள் என்று அவர் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இல்லை. வரப்புப் பிரசவத்தைப் புகழும் தோழரும் இதையேதான் சொல்கிறார். ஒருவர் இளக்காரமாகச் சொல்கிறார், மற்றவர் பெருமையாகச் சொல்கிறார். எங்கள் உடம்புக்கு ஓய்வு வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

பொறுக்க முடியாமல் திரும்பப் போனால் "புள்ள பெத்தாச்சுல்ல, எடுத்துருவோம்" என்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையை இழந்த கதை 2019இல் வெளியானது. கருப்பையை எடுத்தபின்னும் குத்தவைத்துப் பாரம் தூக்கினால் மிச்சமிருப்பது இறங்காது என்று யார் உறுதி சொன்னது? கத்தி வைக்குமுன் உள்ளே பொருத்தித் தாங்கவைக்கும் சிலிக்கான் வளையம் ஒன்று இருக்கிறது. பெசரி என்பார்கள். மதினியிடம் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

முதலிப்பட்டியில் 2012இல் வெடித்தபோதும் அச்சங்குளத்தில் 2021இல் வெடித்தபோதும் சிவகாசிக்கு ஓடிவந்தோம், கண்டன அறிக்கை எழுதினோம். சத்தமில்லாமல் இறங்கும் உறுப்புக்கு அறிக்கை கிடையாது. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981இல் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய ரூவ்செக் அமைப்பு, அடி தள்ளிய பெண்களின் வாய்மொழியை 1990களிலேயே பதிவு செய்துவிட்டது. நேபாள உச்ச நீதிமன்றம் 2008இல் இதைப் பெண்களின் உரிமைப் பிரச்சினையாகவே பார்த்துத் தீர்ப்பளித்தது. நாம் இன்னும் கூச்சத்தில் நிற்கிறோம்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்களும் இல்லை. முதல் நாளே இ.எஸ்.ஐ. பதிவு. மருந்து படாத குழாய் வேலைக்காவது உயர மேசையும் பெஞ்சும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெசரி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஏற்கெனவே வீடு தேடித்தான் வருகிறார். பிள்ளை பெற்றவளுக்கும் வரட்டும். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குப் பக்கத்திலேயே இவற்றை எழுதுங்கள். எழுதக் கை கூசும் தோழர் அந்த அப்பத்தா பதிவை முதலில் அழிக்கட்டும்.

மதினி பயிற்சியை விடவில்லை. கம்பெனி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகும்போதும் வரும்போதும் இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணுகிறாள். நடுவில் எட்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.