டவர் இருக்கட்டும், சட்டைப் பையைப் பாருங்கள்

எம்.ரெட்டியபட்டியில் என் மனைவியின் அண்ணனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். "மாப்ளே, சர்க்கார்ல எழுதியே காலம் தள்ளுனவரு நீங்க. அந்த செல்போன் டவரை எடுக்கச் சொல்லி கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. என் மிஷினு நின்னுபோயிரும்னு ஊரே சொல்லுது" என்றார்.

சொல்லும்போது அவருடைய செல்போன் இடது சட்டைப் பையில் இருந்தது. பேஸ்மேக்கர் இருப்பதும் இடது காறை எலும்புக்குக் கீழேதான். போனுக்குக் காந்தம் வைத்த மடக்கு உறை வேறு!

எழுத மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டார்.

ரேடியோ அலையின் வலிமை, தூரம் இரட்டித்தால் கால் பங்காகிவிடும். தெருக்கோடியில் நிற்கும் டவருக்குப் பயந்து, நெஞ்சோடு ஒட்டிக் கிடப்பதை மறப்பது என்ன நியாயம்? அலைகளைத் தடுக்கும் பாதுகாப்பு இன்றைய பேஸ்மேக்கர்களிலேயே உண்டு. கவனிக்க வேண்டியது காந்தத்தை. டாக்டர்கள் சோதிப்பதற்காக, காந்தம் நெருங்கினால் வேறு நிலைக்கு மாறும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அப்போது இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல், தன் போக்கில் ஒரே வேகத்தில் துடிக்க வைக்கும். ஷாக் கொடுத்து உயிர் காக்கும் ஐ.சி.டி. என்ற கருவியோ, காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை ஷாக் கொடுக்காது. ஐபோன் 12-ஐ ஒரு நோயாளியின் நெஞ்சருகே கொண்டுபோனபோது இப்படியே நடந்ததாக அமெரிக்க டாக்டர்கள் 2021-இல் எழுதினார்கள். அந்த ஆண்டே அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத் துறை, போனை 6 அங்குலம் தள்ளி வைக்கச் சொன்னது.

இந்த 6 அங்குலத்தை மச்சானிடம் யார் சொன்னார்கள்? போன் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஆங்கிலத் தாள். ஆஸ்பத்திரி கொடுத்த தாளும் ஆங்கிலம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் 2010-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: விற்கிற செல்போனின் கதிர்வீச்சு அளவைக் கண்ணுக்குத் தெரியும்படி, பிரெஞ்சில் குறிப்பிட வேண்டும். அது கதிர்வீச்சுக்கான சட்டம்தான். ஆனால் எச்சரிக்கை வாங்குகிறவன் மொழியில் இருக்க வேண்டும் என்ற நியாயம் காந்தத்துக்கும் பொருந்தாதா? தங்கள் மொழியில் கேட்க அவர்களுக்குக் கூச்சமில்லை. நமக்கு மட்டும் ஏன்?

ஆகவே, கடைசியில் மனு எழுதத்தான் செய்தேன். டவரை எடுக்கச் சொல்லி அல்ல. "பேஸ்மேக்கர் உள்ளவர்கள் செல்போனை 6 அங்குலம் தள்ளி வைக்கவும், எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசவும்" என்று போன் பெட்டியிலும் ஆஸ்பத்திரித் தாளிலும் தமிழில் அச்சிடச் சொல்லி.

மச்சான் போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.