பைபிள் ஆப்பில் ‘கடன்’ என்று தேடினால் ஏன் பாதிதான் கிடைக்கிறது?

ஒத்தக்கடையில் என் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை முழுசாகத் தெரியும். போன மாசம் ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா தன் போனை என் கையில் திணித்தார்.

“ஏய்யா, இதுல கடன்னு போட்டா பரமண்டல ஜெபத்தைக் காட்டுதுய்யா. எனக்கு அதுவா வேணும்?”

அவருக்கு வேண்டியது வேறு. வாரா வாரம் நடக்கிற பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அடுத்து பேசவேண்டிய முறை அவருடையது. தலைப்பு, கடன். வருகிறவர்களில் பாதிப் பேர் குழு லோன் வாங்கியவர்கள். குழு லோன் எப்படி என்று தெரியும்தானே? ஒருத்தர் தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அப்படிக் கட்ட முடியாமல் போன ஒரு அக்கா, மற்றவர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு மூன்று வாரமாகக் கூட்டத்துக்கே வரவில்லை. அவரை மனதில் வைத்துதான் பெரியம்மா இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறார்.

எனக்கு சபைப் பழக்கம் அவ்வளவாக இல்லை. ஆனால் தேடுவது என் வேலை. அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ராத்திரி பதினொன்று ஆனது.

ஆப்பில் முதலில் கண்ணில் பட்டது ‘தலைப்புகள்’ பட்டன். கவலை, கோபம், திருமணம் என்று வரிசையாக இருந்த பட்டியலில் கடனும் இருந்தது. தட்டினால் மூன்று வசனம்: நீதிமொழிகள் 22:7, சங்கீதம் 37:21, ரோமர் 13:8. ஒன்று, கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது. அடுத்தது, வாங்கிவிட்டுத் திருப்பிக் கட்டாதவனைத் துன்மார்க்கன் என்கிறது. மூன்றாவது, யாருக்கும் கடன்படாதே என்கிறது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “இந்த மூணையும் வாசிச்சேன்னா அந்தப் புள்ள இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாய்யா.”

பைபிளில் கடனைப் பற்றி அவ்வளவுதான் இருக்கிறதா? இல்லை. மூன்று வசனமும் வாங்கினவரைப் பார்த்துப் பேசுகிறவை. கொடுத்தவரைப் பார்த்துப் பேசுகிற பகுதி அதைவிட நீளம். அது அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. என் கோபம் முழுக்க இங்கேதான்.

தலைப்பு யார் வைத்தது?

தேடலில் இரண்டு வகை உண்டு. ஒன்று சொல் தேடல். ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் எடுத்துக் கொடுப்பது. ஆங்கிலத்தில் கன்கார்டன்ஸ் என்பார்கள், தமிழில் சொல்லடைவு. லண்டனில் அலெக்சாண்டர் குரூடன் 1737-லேயே கையால் இதைச் செய்து புத்தகமாகப் போட்டுவிட்டார். இன்னொன்று தலைப்புத் தேடல். அந்தச் சொல் வராவிட்டாலும் விஷயம் அதுதான் என்றால் எடுத்துக் கொடுப்பது. முன்னதை மெஷின் செய்யும். பின்னதற்கு ஒரு மனுஷர் உட்கார்ந்து, இது கடனைப் பற்றியது, இது இல்லை என்று முடிவெடுக்க வேண்டும்.

தலைப்பு வாரியாக அடுக்குவது நமக்குப் புதுசு இல்லை. குறளே 133 அதிகாரத் தலைப்புகளில்தான் இருக்கிறது. ஆனால் பைபிள் அப்படி அடுக்கப்பட்ட நூல் அல்ல. கதை, சட்டம், பாட்டு, கடிதம் எல்லாம் கலந்தது. தலைப்பு எப்போதும் வெளியிலிருந்து வருவது. பல ஆப்களில் இன்றைக்கும் கிடைக்கிற பழைய தலைப்பு அடைவு, அமெரிக்க ராணுவத்தில் சாப்ளினாக இருந்த ஓர்வில் நேவ் 1890-களில் தொகுத்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதில் ‘கடன் கொடுத்தவர்’ என்று தனித் தலைப்பே உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தில் இருந்தது, நம் போனுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வசனமாகச் சுருங்கிவிட்டது.

புள்ளி செய்த வேலை

சரி, தலைப்புப் பட்டியல் வேண்டாம், சொல்லையே தேடுவோம் என்றால் தமிழ் நம்மைப் படுத்துகிறது. தப்பு தமிழின் மேல் இல்லை. ஆங்கிலத்துக்குச் செய்த தேடல் பெட்டியை அப்படியே நமக்கும் மாட்டிவிட்டதுதான் தப்பு.

பெரியம்மா அடித்தது ‘கடன்’. போனுக்கு அது க, ட, ன, அப்புறம் ஒரு புள்ளி. நாலு குறியீடு. இந்த நாலும் இதே வரிசையில் எங்கே இருக்கிறதோ அதைத்தான் எடுக்கும். பரமண்டல ஜெபத்தில் ‘கடன்களை’ என்று வருகிறது, அதனால் வந்துவிட்டது. அங்கே கடன் என்றால் பாவம் என்பது போனுக்குத் தெரியாது. ஆனால் ‘கடனாக’ என்ற சொல்லில் புள்ளி போய் அந்த இடத்தில் கால் வந்துவிடுகிறது. அதனால் வராது. ‘கடனை’ வராது. ‘கடனாளி’யும் வராது. வேற்றுமை உருபு ஏறினதும் சொல் போனுக்கு அந்நியமாகிவிடுகிறது.

இதற்கு வழி, கடைசிப் புள்ளியை அழித்துவிட்டு ‘கடன’ என்று மட்டும் தேடுவது. எழுத்துப் பிழை மாதிரித் தெரியும், ஆனால் எல்லாம் வரும். நான் இதைக் கண்டுபிடித்துவிட்டுப் பெருமையாக அடுத்ததாக ‘அடகு’ என்ற சொல்லுக்கு இறங்கினேன். ‘அடகு’ என்று போட்டால் ‘அடகாக’ வராது. அதனால் ‘அடக’ என்று போட்டேன். ஆபிரகாம் சாராளை அடக்கம்பண்ணியது வந்தது. ராஜாக்கள் ஒவ்வொருவராக அடக்கம்பண்ணப்பட்டது வந்தது. ‘அடக்கம்’ என்பதன் முதல் மூன்று குறியீடும் அதே அ, ட, க தானே! கடனைத் தேடிப் போய் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன்.

இன்னொரு சிக்கல், மொழிபெயர்ப்பின் வயசு. நம் ஊர் புராட்டஸ்டன்ட் சபைகளில் புழங்குவது பெரும்பாலும் 1871-ல் வந்த பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில், அதற்கும் முந்தைய ஃபப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதில் வட்டிக்குப் பக்கத்திலேயே ‘பொலிசை’ என்று ஒரு சொல் வரும். லேவியராகமம் 25-லும் எசேக்கியேல் 18-லும் பார்க்கலாம். “போலீஸையா?” என்று கேட்டேன். பெரியம்மா சிரித்துவிட்டார். சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் புழங்கிய சொல் அது. இன்றைக்கு யார் தேடல் பெட்டியில் ‘பொலிசை’ என்று அடிப்பார்கள்? அப்படியே அடித்தாலும், ‘பொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாகப் பார்க்க ஆப்புக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் ‘முடிவுகள் இல்லை’ என்று வரும்.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த 1995 திருவிவிலியத்தில் தேடினால் முடிவு வேறு மாதிரி இருக்கும். பரமண்டல ஜெபத்தில் ‘கடன்கள்’ இருந்த இடத்தில் அங்கே ‘குற்றங்கள்’. அதனால் ஒரே பதிப்பில் தேடிவிட்டு ‘பைபிளில் இவ்வளவுதான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் 1890-ல் வெளியிட்ட சொல்லடைவில் மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்தார். எபிரேயத்துக்கு மட்டும் 8674 நம்பர்கள். கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் திறந்து, வட்டி வரும் ஒரு வசனத்தில் அந்தச் சொல்லைத் தட்டினால் 5392, நெஷெக் என்று வரும். அதைத் தட்டினால் அது வருகிற 12 இடமும் வரிசையாக வந்து நிற்கும். உருபும் இல்லை, புள்ளியும் இல்லை. அந்த 12 இடத்தையும் தமிழில் திறந்து படிக்க வேண்டியதுதான். இதற்கு முந்தைய நம்பர், 5391, வேர்ச்சொல். அர்த்தம், கடிப்பது. பாம்பு கடிக்கிற கடி. கந்துவட்டி பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எண்ணும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. நெகேமியா 5-ஆம் அதிகாரம் அந்த 12-இல் இல்லை. அங்கே மூலத்தில் வேறு சொல். ஆனால் ஜனங்கள் பஞ்சத்திலே நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்து, ராஜாவுக்குக் கட்டும் வரிக்கே கடன் வாங்கி, பிள்ளைகளை அடிமையாக விட்ட கதை அதுதான். நெகேமியா வாங்கினவர்களைத் திட்டவில்லை. கொடுத்த பெரிய மனுஷர்களைச் சபை கூட்டி நிற்க வைத்து, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அந்த வட்டி நூற்றுக்கு ஒன்று. மாசக் கணக்கு என்று விளக்குகிறவர்கள் உண்டு. நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு ரூபா வட்டி. அதற்கே அவ்வளவு கோபம்.

உபாகமம் 24:10, 11 இன்னும் நேரடி. அடகு வாங்கப் போகிறவன் கடன்காரர் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். வசூலுக்கு வருகிறவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தம் போடுவதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனியாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைப் பற்றி நாங்கள் செய்தி போட்டபோது இந்த வசனம் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

‘ஏஐ கிட்ட கேட்டா சொல்லிடுமே’ என்பீர்கள். கேட்டேன். நெகேமியாவைச் சொன்னது, நல்ல விஷயம். கூடவே, சொன்ன இடத்தில் இல்லாத ஒரு வசனத்தையும் அதே தைரியத்தோடு சொன்னது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துச் சரிபார்ப்பதென்றால் சரி.

ஆனால் இவ்வளவு சுற்று ஒரு ஜெபக்கூட்டப் பேச்சுக்குத் தேவையா? மொத்தமே சுமார் 31,000 வசனம். நாளுக்கு நாள் வளர்கிற இணையம் இல்லை, முடிந்துபோன நூல். ஒவ்வொரு சொல்லுக்கும் வேர்ச்சொல்லைக் குறித்துவைத்தால் ‘கடன்’ என்று அடித்ததும் ‘கடனாக’வும் வரும், அடக்கம் வராது. தமிழ்க் கணினி ஆட்களுக்கு இது மலை அல்ல. தலைப்பு அடைவுக்குத்தான் உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் வேண்டும். மதுரை அரசரடியிலேயே இறையியல் கல்லூரி இருக்கிறது. குழு லோன், கந்துவட்டி, நகை அடகு என்று நம் வீடுகளில் புழங்குகிற தலைப்புகளை வைத்து ஓர் அடைவை இங்கிருந்தே செய்யலாம். ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்துப் பட்டனாக மாட்டிக்கொண்டிருக்கும்வரை, யாரைப் பார்த்துப் பேசுவது என்பதை யாரோ ஒருவர் நமக்காக முடிவு செய்துகொண்டே இருப்பார்.

கூட்டம் முடிந்த ராத்திரி பெரியம்மாவுக்கு போன் போட்டேன். நெகேமியா முழு அதிகாரத்தையும் வாசித்தாராம். அந்த அக்கா வந்தாரா என்று கேட்டேன்.

“அவ வரலய்யா. பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தா. அதிகாரம் என்ன நம்பர்னு கேட்டு, பேனாவால கையில எழுதிட்டுப் போனா.”