களம் கண்டால் போதுமா?

"போர்முனையில் நின்றவர்; ஆகவே மக்கள் துன்பம் அறிந்தவர்" என்று தலைவர்களைப் போற்றுவது உலக வழக்கம். அந்த 'ஆகவே' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

இங்கிலாந்தின் வின்ஸ்டன் சர்ச்சிலை எடுத்துக் கொள்வோம். முதல் உலகப்போரில் டார்டனெல்ஸ் படையெடுப்பு தோற்க, கடற்படை அமைச்சர் பதவியை இழந்தார். 1915 நவம்பரில் அமைச்சரவையை விட்டே விலகிப் போர்முனைக்குப் போனார். 1916 ஜனவரி முதல் மே வரை பெல்ஜியத்தில் ஒரு ஸ்காட்லாந்துப் பட்டாளத்துக்குத் தலைமை அதிகாரி. சேறு நிறைந்த பதுங்குகுழிகள். அங்கே அவர் முதலில் போர் தொடுத்தது பேன்கள் மீது! சிப்பாய்களின் உடையில் மொய்த்த பேனை ஒழிக்க முனைந்து நின்றார். குண்டுக்கும் அஞ்சவில்லை. இதை மறுப்பது நேர்மையன்று.

ஆனால் 1943-ல்? அவரே பிரதமர். வங்கப் பஞ்சத்தில் பசியாலும் நோயாலும் மாண்டவர் ஏறத்தாழ 30 லட்சம். தானியக் கப்பல் கேட்டு இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகளை லண்டன் மறுத்தது. பிறகு சிறிதளவே அனுப்பியது. போர்க்காலக் கப்பல் பற்றாக்குறை என்பார் உண்டு. இருக்கட்டும். பேன்கடியின் வேதனை புரிந்தவருக்குப் பட்டினி ஏன் புரியவில்லை?

நம் வாலிகண்டபுரமும் இதற்குச் சாட்சி சொல்லும். 1751-ல் சந்தா சாகிபை எதிர்த்து ஆங்கிலப் படை இவ்வட்டாரத்தில் நின்றது. அதில் ராபர்ட் கிளைவ் ஓர் இளம் அதிகாரி. அஞ்சி ஓடிய வெள்ளைச் சிப்பாய்களைத் தடுத்து நிறுத்த முயன்றவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் அவரே பாராளுமன்ற உறுப்பினர், வங்க கவர்னர். 1765-ல் வங்கத்தில் வரி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தார். அவர் தாய்நாடு திரும்பியபின் 1770-ல் பெரும்பஞ்சம். மக்கள் மாண்டபோதும் வசூல் நிற்கவில்லை.

இருவர் வீரமும் பொய்யல்ல. பதுங்குகுழி, பக்கத்தில் நிற்பவன் துன்பத்தைக் காட்டும். கண்காணாத ஊரின் பசியைக் காண வேறு கண் வேண்டும். அங்கே இருப்பவரும் நம்மவரே என்ற எண்ணம் வேண்டும்.

நம் கிராமங்களிலும் பட்டாளம் போய்த் திரும்பி ஏர் பிடித்தவர்கள் உண்டு. அவர்கள் பட்ட பாடு மேடையேறுவதில்லை. தலைவர் சில மாதங்கள் பட்டது வரலாறாகிறது! சர்ச்சிலுக்குத் திரும்பிப் போகப் பாராளுமன்றம் இருந்தது. சிப்பாய்க்கு அந்த வாசல் ஏது?

மாணவ நண்பர்களே! 18 வயதில் வாக்குரிமை பெற்றவர்கள் நாம். "இவர் எந்தக் களத்தில் நின்றார்?" என்று கேட்போம். அதோடு, "அதிகாரம் கைக்கு வந்தபின் யார் பக்கம் நின்றார்?" என்றும் கேட்போம். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்த பிறகு மாலை போடலாம்!