விடலை நாய்க்கு ஒரு வீடு

நுழையும்முன்
காப்பகத்து நாயை வீட்டிற்கு அழைத்துவருவது இரக்கத்தில் தொடங்கும் செயல். அந்த நாயும் அந்த வீடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்னும் கேள்வி பெரும்பாலும் அதன் பின்னரே எழுகிறது. துள்ளலும் ஓட்டமும் மிக்க இளம் நாய்களை முன்வைத்து அக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

தொல்காப்பிய மரபியல் உயிரினங்களின் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறுகிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்று பெயர். வளர்ந்தபின் அது நாய். பழந்தமிழ் வழக்கில் ஞமலி, ஞாளி. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு பருவம் உண்டு. பால்பற்கள் விழுந்து, கால்கள் நீண்டு, உடல் முழு வளர்ச்சியை எட்டியும் எட்டாமலும் இருக்கும் பருவம் அது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரையிலும், பெரிய உடலமைப்புக் கொண்ட இனங்களில் இரண்டு வயது வரையிலும் அது நீள்கிறது. மனிதருக்குப் பேதை, பெதும்பை எனவும் காளை, விடலை எனவும் பருவந்தோறும் பெயர் சூட்டிய மொழியில் நாயின் இந்த இடைப்பருவத்திற்குத் தனிப்பெயர் வழங்கவில்லை. விடலை என்னும் சொல்லையே இதற்கும் கடன் கொள்ளலாம். பதினோராம் வகுப்பில் பயில்வோருக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புளூ கிராஸ் முதலாகத் தமிழகத்தின் பல நகரங்களில் இன்று விலங்குக் காப்பகங்கள் இயங்குகின்றன. சாலையில் அடிபட்டவை, வளர்த்தவர் இறந்ததால் ஆதரவற்றுப் போனவை, வீடு மாறும்போது கைவிடப்பட்டவை என அங்கு வந்து சேரும் நாய்களின் கதைகள் பலவகை. விடுமுறை நாளில் நாய் தேடி வரும் குடும்பங்களின் போக்கோ பெரும்பாலும் ஒரே வகை. குட்டிகள் இருக்கும் கூண்டின்முன் கூட்டம் நிற்கிறது. கால் ஒடிந்த முதிய நாயின்முன் சிலர் கலங்கி நிற்கின்றனர். ஒரு வயது நாயின் கூண்டை நெருங்கியதும் அது கம்பியின்மேல் தாவுகிறது; குரைக்கிறது; தண்ணீர்த் தட்டைக் கவிழ்க்கிறது; மீண்டும் தாவுகிறது. குழந்தை அஞ்சித் தாயின் பின்னே ஒளிந்துகொள்கிறது. “இது முரட்டு நாய் போலிருக்கிறது” என்று சொல்லிக் குடும்பம் அடுத்த கூண்டிற்கு நகர்கிறது.

அந்த நாய் முரடுதானா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தியன்று. நான்கு எட்டு வைத்தால் சுவர் குறுக்கிடும் இடத்தில் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இளம் உடலுக்குப் புதிய முகம் ஒன்று தென்படுவதே பெருநிகழ்வு. அந்நிகழ்வை அது தனக்குத் தெரிந்த ஒரே முறையில் கொண்டாடுகிறது. கூண்டு துள்ளலைப் பெருக்குகிறது. துள்ளலோ நாயைக் கூண்டிலேயே இருத்திவிடுகிறது. எவருடைய கொடுமையும் இதில் இல்லை. காப்பகப் பணியாளர் அன்புடையவர், வந்த குடும்பமும் நல்ல குடும்பம். ஆயினும் மாதங்கள் கழிகின்றன.

இப்பருவத்தின் அடங்காமை தற்காலிகமானது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடன் பணியாற்றியோரும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஐந்து மாத வயதிலும் எட்டு மாத வயதிலும் நாய்களைச் சோதித்தது. ‘உட்கார்’ என்னும் கட்டளைக்கு எட்டு மாத நாய்கள் தம்மை வளர்ப்பவரிடம் முன்னைவிடக் குறைவாகவே கீழ்ப்படிந்தன. அதே கட்டளையை அயலார் இட்டபோது அத்தகைய சரிவு காணப்படவில்லை. நாய் கற்றதை மறந்துவிடவில்லை. வீட்டாரிடம் மட்டும் பிடிவாதம் காட்டியது! ஓராண்டு நிறையும் நிலையில் இப்போக்கு தணியத் தொடங்கியதையும் அவ்வாய்வு பதிவு செய்தது. குட்டியாக வாங்கப்பட்ட நாய் ‘சொல்பேச்சுக் கேட்பதில்லை’ என்று காப்பகத்தில் கொண்டுவந்து விடப்படும்போது, இன்னும் சில மாதங்களில் கடந்துபோகக்கூடிய ஒன்றே அதன் வாழ்நாள் குற்றமாகப் பதியப்படுகிறது.

பருவத்தோடு பிறப்பும் சேர்ந்துகொள்வதுண்டு. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்கள் தென்தமிழகத்தின் வறண்ட நிலங்களில் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கெனத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. குறுகிய இடையும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் அந்தத் தொழில் செதுக்கிய உறுப்புகள். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அந்தத் தொழிலுக்கு இடமில்லை. கால்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நாட்டு நாய்களைப் போற்ற வேண்டும் என்னும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகியிருப்பது மகிழத்தக்கதே. எனினும் அந்த ஆர்வத்தில் நகரத்து மாடிவீட்டிற்கு ஒரு சிப்பிப்பாறையை வாங்கி வருவோர், அதன் பெருமையை வாங்கும்போது அதன் ஓட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தெருவில் பிறந்த கலப்பு நாய்களுக்கும் ஓடியாடித் திரிந்த இயல்பு எளிதில் அடங்கிவிடுவதில்லை.

இத்தகைய நாய்க்கு எந்த வீடு ஏற்றது? பெரிய வீடு, சுற்றிலும் தோட்டம் என்பதே பலரின் உடனடி விடை. அந்த விடை ஏற்கத்தக்கதன்று. தென்னந்தோப்பின் நடுவே பண்ணை வீடு கட்டியவர் காவலுக்கென்று ஒரு துடிப்பான நாயைக் கேட்டு வருகிறார். ஏக்கர்க் கணக்கில் நிலம் உண்டு. ஆனால் நாய் இருக்கப்போவது வாயிற்கதவருகில், ஆறடிச் சங்கிலியின் முனையில். அந்த நாய்க்குத் தோப்பின் பரப்பு ஆறடிதான். கட்டிப்போடப்பட்ட இளம் நாய் நாளடைவில் காண்போரையெல்லாம் நோக்கிச் சீறத் தொடங்கினால், அதையே நல்ல காவல் என்று மெச்சுவோரும் உண்டு. அக்குணத்தை உண்டாக்கியதில் சங்கிலிக்குப் பெரும்பங்கு உண்டு.

மறுபுறம், இரண்டு அறைகள் கொண்ட அடுக்ககத்தில் வாழும் ஒருவர் நாள்தோறும் விடியுமுன் ஒரு மணிநேரம் நடப்பவராக இருக்கலாம். அந்த வீட்டில் நாய்க்குக் கிடைப்பது இடமன்று, காலம். வீட்டின் பரப்பைச் சதுர அடியில் கேட்பதைவிட, “உங்கள் வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு எழுபவர் யார்?” என்று கேட்கும் காப்பகமே சரியான கேள்வியைக் கேட்கிறது. தமிழகத்துக் கோடையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் தார்ச்சாலை நாயின் உள்ளங்காலைச் சுடத் தொடங்கிவிடும். வியர்வையால் உடலைக் குளிர்விக்க இயலாத அவ்விலங்கு மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஆகவே விடியற்காலை ஒரு நடை, இருட்டியபின் ஒரு நடை என்பது இந்த மண்ணில் விருப்பத்தைப் பொறுத்ததன்று. மழை பெய்தாலும், முந்தைய நாள் திருமண வீட்டிலிருந்து நள்ளிரவில் திரும்பியிருந்தாலும், வீட்டில் எவரேனும் ஒருவர் எழுந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது தெளிவானால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

எஞ்சிய பாதி வீட்டு மனிதரைப் பற்றியது. தள்ளாடி நடக்கும் பாட்டியும் நடை பழகும் குழந்தையும் உள்ள வீட்டில், அன்பு மிகுந்து தாவும் இருபது கிலோ நாய் தீங்கு நினையாமலேயே இருவரையும் வீழ்த்திவிடும். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதன் பற்கள் செருப்பையும் மெத்தையையும் நாடும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவு முன்னரே வேண்டும். ஓட்டம் மட்டும் போதும் என்று எண்ணுவதும் தவறு. நாள்தோறும் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால், மேலும் ஓட வல்ல நாய்தான் உருவாகும். மோப்பத்தால் தேடி எடுக்கும்படி உணவைத் துணியில் மறைத்து வைத்தல், நடையின்போது வழியோரத்தை ஆற அமர முகர விடுதல், சிறு சிறு பயிற்சிகள் ஆகியன அதன் மனத்திற்கு வேலை தருகின்றன. உண்ட களைப்பைப் போல, எண்ணிய களைப்பும் நாய்க்கு உண்டு.

வேலை என்று சொல்லும்போது அமெரிக்க நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று நினைக்கத்தக்கது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர், காட்டுயிர்களின் எச்சத்தை மோப்பத்தால் கண்டறிய நாய்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை 1997ஆம் ஆண்டு தொடங்கினார். அதற்கான நாய்கள் பலவும் காப்பகங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டன. பந்தைக் கண்டால் உலகையே மறப்பவை, ஓயாது துள்ளுபவை, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாதவை என ஒதுக்கப்பட்ட நாய்களே அத்திட்டத்திற்கு வேண்டப்பட்டன. பந்தின்மேல் அடங்காத ஆசை கொண்ட நாய், அதற்காக நாள் முழுவதும் சலிக்காமல் தேடும்.

அவற்றுள் ஒன்று டக்கர் என்னும் கருநிறக் கலப்பு நாய். சியாட்டில் நகரத் தெருக்களில் திரிந்தது. அது சான் ஹுவான் தீவுகளை ஒட்டிய கடலில் படகின் முனையில் நின்று, ஓர்க்கா திமிங்கிலங்களின் எச்சம் மிதக்கும் திசையைக் காட்டியது. எச்சம் விரைவில் மூழ்கிவிடும். அதற்குள் படகு அங்கே சென்றாக வேண்டும். நாயின் தலை திரும்பும் பக்கம் படகும் திரும்பியது. வேடிக்கை என்னவெனில், டக்கருக்குத் தண்ணீரில் இறங்குவதே பிடிக்காது. இத்தகைய தேடலில் திரட்டிய எச்சங்களை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, கண்டறியப்பட்ட கருவுறுதல்களில் 69 விழுக்காடு வரை நிறைவுறாமல் போனதையும், சினூக் சால்மன் மீனின் பற்றாக்குறைக்கு அதில் பங்கிருப்பதையும் எடுத்துரைத்தது. வீட்டில் குறையாக எண்ணப்பட்ட குணமே கடலில் தகுதியாயிற்று; குணம் மாறவில்லை, இடம்தான் மாறியது. எல்லா நாயும் கடலுக்குப் போக முடியாது என்பது உண்மையே. ஆயினும் ‘இந்தக் குணம் எங்கே பயன்படும்?’ என்று கேட்கும் பழக்கம் எந்தக் காப்பகத்திற்கும் செலவு வைப்பதன்று.

இத்தனை கேள்விகள் கேட்டால் நாயைத் தத்தெடுக்க முன்வருபவரும் பின்வாங்கிவிடுவாரே என்னும் எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கூண்டுகள் நிரம்பி வழிகின்றன; ஒரு நாய் வெளியேறினால்தான் சாலையில் அடிபட்ட மற்றொன்றிற்கு இடம் கிடைக்கும். நேர்காணல் என்னும் பெயரில் குறை தேடும் காப்பகங்கள் நல்ல மனிதர்களையும் திருப்பி அனுப்பிவிடக்கூடும். ஆனால் பொருந்தாத வீட்டிற்குச் சென்ற நாய் மூன்றே வாரத்தில் திரும்பி வந்தால், காலியான கூண்டு மீண்டும் நிரம்பும். கூடவே ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்னும் பழியும் வந்து சேரும். அந்தப் பழியைக் கேட்ட அடுத்த குடும்பம் இன்னும் தயங்கும். ஆகவே கேள்விகளைக் கைவிடுவது தீர்வாகாது. அவற்றைத் தேர்வுத்தாள் போல நீட்டாமல் உரையாடலாக மாற்றுவதே வழி. பொருந்தாத நாயைக் கேட்பவரை வெறுங்கையுடன் அனுப்பாமல், அவருக்கு ஏற்ற அமைதியான நாயைக் காட்டலாம். விடலை நாயைக் கேட்டு வந்தவர் ஆறு வயது நாயுடன் மகிழ்ந்து திரும்புவதில் இழப்பு எவருக்குமில்லை.

இரு வார காலம் வீட்டில் வைத்துப் பார்க்கும் தற்காலிக வளர்ப்பு, இவ்வகையில் பெரிதும் துணைபுரியும். கூண்டில் கண்ட நாயும் வீட்டில் காணும் நாயும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் சில நாள்கள் புதிய இடத்தின் அச்சத்தில் ஒடுங்கியிருந்துவிட்டு, பிறகுதான் அது தன் உண்மையான இயல்பை வெளிக்காட்டும். அக்காலத்தின் முடிவில் நாய் காப்பகத்திற்குத் திரும்ப நேர்ந்தாலும் அது தோல்வியன்று. பூனையைக் கண்டால் துரத்துமா, இரவில் உறங்குமா, இடியோசைக்கு அஞ்சுமா என்று கூண்டில் அறிய முடியாதவை அந்தப் பதினைந்து நாளில் தெரிந்துவிடுகின்றன. அடுத்த வீட்டைத் தேடுவது அதனால் எளிதாகும்.

பதினாறு வயதில் நாய் வேண்டும் என்று அடம்பிடிப்போர் ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்ப்பது நலம். நாயின் ஆயுள் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். இன்று ஒரு வயதாகும் நாயைத் தத்தெடுக்கும் மாணவர், அதன் இறுதிக் காலத்தில் இருபத்தைந்து வயதைக் கடந்திருப்பார். இடையே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, விடுதி வாழ்க்கை, வேறு ஊரில் வேலை எல்லாம் வரும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழப்போவது அப்போது அம்மாவோ அப்பாவோதான். எனவே தத்தெடுக்கும் உறுதிமொழியில் உண்மையில் கையொப்பமிட வேண்டியவர் எவர் என்பதை அந்த வீடு முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். பேசிய பின்னர் ‘இப்போது வேண்டாம்’ என்னும் முடிவுக்கு வந்தால், அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அவ்வாறு முடிவெடுத்தோருக்கும் செய்ய வேலை உண்டு. பெற்றோரின் இசைவோடு வரும் மாணவர்களைப் பணியாளரின் மேற்பார்வையில் நாய்களுடன் நடக்கவிடக் காப்பகங்கள் முன்வரலாம். நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, வழியோரப் புல்லையெல்லாம் முகர்ந்து, ‘உட்கார்’ என்ற சொல்லுக்கு ஒரு துண்டு ரொட்டி பெற்றுப் பழகிய நாய், கூண்டிற்குத் திரும்பியதும் தண்ணீர் குடித்துவிட்டுக் கம்பியருகில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். மாலையில் வரும் குடும்பம் காணப்போவது அந்த நாயைத்தான்.